கருங்காலி முறை

எங்கள் மில்லில் கருங்காலி இல்லாமல் வேலைநிறுத்தம் பிடிக்காது. உறை ஊற்றாத பால் எங்கேயாவது தயிராகியிருக்கிறதா? எல்லோரும் வெளியே நின்றால் மட்டும் போதாது. ஒருவர் உள்ளே போக வேண்டும். மற்ற அத்தனை பேரும் கேட்டில் நின்று அவரைப் பார்த்துக் கருங்காலி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவர்களின் கால்கள்தான் நிற்கும். சொல்லாதவர்களின் கால்கள் சங்கு ஊதியதும் தாமாகவே கிளம்பி மில்லுக்குள் போய்விடும்.

முன்பு ஒரு தடவை, யாரையும் ஏசாமல் கண்ணியமாகப் போராடிப் பார்ப்போம் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். சங்கு ஊதியது. கையில் கொடியும் வாயில் கோஷமுமாக எல்லோரும் வரிசையாக உள்ளே போனோம். ஷிப்டு முடியும்வரை நூல் சுற்றினோம். கோஷத்தையும் நிறுத்தவில்லை. அன்று உற்பத்தி அமோகம் என்று மேனேஜர் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். கண்ணியமெல்லாம் அன்றோடு சரி.

அதனால் கருங்காலிக்கு முறை வைத்திருக்கிறோம். கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு முறை வைப்பதில்லையா, அப்படி. சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரு நீளமான சிமெண்டுத் திட்டு உண்டு. காலையில் வந்ததும் அவரவர் தூக்குச்சட்டியை அதில் அவரவர் இடத்தில் வைப்போம். இடம் மாறக் கூடாது. போன தடவை யாருடைய சட்டியில் முறை நின்றதோ, அதற்கு அடுத்த சட்டிக்காரர் இந்தத் தடவை உள்ளே போக வேண்டும். சண்டை சச்சரவுக்கு இடமே இல்லை.

இதில் கஷ்டம் என்னவென்றால், அந்தச் சொல் லேசில் இறங்காது. வேலைநிறுத்தம் முடிந்தாலும் அடுத்த வேலைநிறுத்தம் வரும்வரை அந்த ஆள்மேலேயே இருக்கும். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தால் யாருக்கும் அவர் பெயர் வராது, அந்தச் சொல்தான் வரும். பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாயையே திறக்கமாட்டார்கள். போன தடவை முறை இசக்கிமுத்து அண்ணனுக்கு. பஞ்சு பிரிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவர். அவர்மேல் சொல் ஏறியபோது அவருடைய மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது காலேஜுக்குப் போகிறாள். இத்தனை வருஷமும் டீக்கடையில் அவர் முன்னால் கிளாஸை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யாருக்கும் அவர்மேல் கோபம் கிடையாது. முறைக்குப் போனவர்தானே. ஆனால் அந்தச் சொல் வாயில் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். அதற்குத் தனியாக வரத் தெரியாது.

இந்தத் தடவை சண்டை ஜன்னலுக்காக. காற்று வந்தால் நூல் அறுகிறது என்று நூல் சுற்றுகிற எங்கள் வைண்டிங் பிரிவின் எல்லா ஜன்னல்களுக்கும் மேனேஜர் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். பஞ்சுத் தூசி வெளியே போக வழியில்லை. எங்களுக்கெல்லாம் தொண்டை கரகரத்ததோடு போயிற்று. என் பக்கத்து மெஷின் தங்கபுஷ்பத்துக்கு மட்டும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் வந்தால் மெஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிடுவாள். நிமிர்வாளா மாட்டாளா என்று எனக்குப் பக்கென்று இருக்கும்.

தங்கபுஷ்பமும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் பெயர் சண்முகக்கனி. மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி நாள் முழுக்கப் பேசுவோம். வாயைத் திறந்தால் அவளுக்குக் கனி, கனிதான். என் வீட்டுக்காரர் தாலி கட்டிய நாளிலிருந்து என்னை "ஏய், இந்தா" என்றுதான் கூப்பிடுகிறார். ஆக, என் பெயர் உருப்படியாகப் புழங்கியது அவள் வாயில்தான்.

திட்டில் இசக்கிமுத்து அண்ணன் சட்டிக்கு அடுத்தது தங்கபுஷ்பத்தின் சட்டி. அதற்கு அடுத்தது என்னுடையது. முறை பார்க்கிற அன்றைக்கென்று பார்த்து அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. "கனி, எனக்கும் சேத்துக் கட்டிட்டு வந்துருட்டி" என்று விடியும்போதே போன் பண்ணினாள். நானும் புளியோதரையும் தேங்காய்த் துவையலும் இரண்டு ஆளுக்குக் கட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் சங்கச் செயலாளர் ஞானதுரை அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தபோது இசக்கிமுத்து அண்ணன் சட்டிக்குப் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி என் சட்டி வழக்கத்தைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது.

"ஒங்க முறைம்மா, சண்முகக்கனி" என்றார் அண்ணாச்சி.

தங்கபுஷ்பம் சடாரென்று எழுந்தாள். "அண்ணாச்சி, அது என் முறை. இன்னைக்கு நான் சட்டி கொண்டாரல, அவ்வளவுதான்."

"சட்டி இல்லன்னா முறை இல்ல தாயி. ஆளைப் பாத்து முறை வைக்கதுன்னா சங்கம் என்னத்துக்கு?"

அதுவும் நியாயம்தான். மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இசக்கிமுத்து அண்ணன் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பாவம். நாளையிலிருந்து யாராவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது தங்கபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன் கனி. சும்மா ஒதட்ட மட்டும் அசைப்பேன். அம்புட்டுக் கூட்டத்துல எவளுக்குத் தெரியப்போவுது?"

"ஒன் காலுக்குத் தெரியுமேட்டி."

"கேட்டுக் கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிடுதேன். காலு எங்க போவும்?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும், இவள் ஒருத்தி வாயில் என் பெயர் இருந்தால் போதும் என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி தூங்கக்கூடச் செய்தேன்.

காலையில் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். நான் தூக்குச்சட்டியும் கையுமாக நடுவில் நடந்தேன். முதலில் ஞானதுரை அண்ணாச்சி சொன்னார். நேற்று என்னை அம்மா என்றவர் அவர். சொல்லும்போது முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, வேறு ஆளாகிவிட்டார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள், எனக்குப் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர்கள், எல்லோரும். இசக்கிமுத்து அண்ணனுக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் திக்கியது. நான் தங்கபுஷ்பத்தைத் தேடினேன். இரண்டு கையாலும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று சந்தோஷமாக உள்ளே போனேன்.

சங்கு ஊதியது. நான் மெஷினைப் போட்டு நூலைக் கோத்துக்கொண்டிருக்கும்போது தங்கபுஷ்பம் உள்ளே வந்தாள். கையில் கேட்டுக் கம்பி ஒன்று இருந்தது. பெயர்ந்து கையோடு வந்துவிட்டதாம். அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் மெஷினைப் போட்டாள்.

"என்ன கனி, துவையல் இன்னைக்கும் உண்டா?" என்றாள்.

மேனேஜர் எங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலைநிறுத்தம் அவருக்கும் பழக்கம்தான். "ரெண்டு பேரா? நல்லது. ஓட்டை விழுந்துட்டு" என்று ஃபேனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. சொல்லாத வாய் ஒன்று வரிசையில் நின்றால் அந்த இடத்தில் சொல் ஓட்டையாகிவிடும். பக்கத்தில் நிற்பவர்களின் கால் அந்த வழியாக நழுவ ஆரம்பிக்கும். மறுநாள் காலையிலும் தங்கபுஷ்பம் உதட்டைத்தான் அசைத்தாள். சங்கு ஊதியதும் அவளோடு, அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற பெண்கள் அழுதுகொண்டே உள்ளே வந்தார்கள். "எங்க காலு, எங்க காலு" என்று அண்ணாச்சி வெளியிலிருந்து கத்துவது கேட்டது. பயத்தில் அவருக்குத் தன் கால், பிறர் கால் தெரியவில்லை. மேனேஜருக்குத் தைரியம் வந்துவிட்டது. தச்சரை வரவழைத்து, மிச்சமிருந்த வெண்டிலேட்டருக்கும் பலகை அடிக்கச் சொன்னார்.

அடைத்த அறையில் அத்தனை மெஷின் ஓடினால் எப்படியிருக்கும்? தூசி மூடுபனி மாதிரி நின்றது. தங்கபுஷ்பம் இருமினாள். மெஷினைப் பிடித்துக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் கர்ச்சீப்பை எனக்குக் காட்டாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன். சிவப்பாக இருந்தது. அறுந்த நூலை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கம் போனேன்.

"நாளைக்குச் சொல்லிருட்டி" என்றேன்.

"என்னத்த?"

"அதத்தான். எல்லாரையும் மாரி நீயும் சொல்லு."

"போட்டி கிறுக்கி."

"ஒப்புக்குச் சொல்லாத. கால் நிக்காது. அடிவயித்துலேருந்து சொல்லு. ஜன்னல் தொறக்கணும் தங்கம். நீ இப்படி இருமினா ஆடி வரைக்கும் தாங்கமாட்ட."

அவள் நூலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சொன்னா ஒம் பேரு என் வாயில நிக்காதே கனி" என்றாள்.

"மனசுல நிக்கும்லா."

"மனசுல நின்னு என்னத்துக்கு? மெஷின் சத்தத்துல மனசு கேக்குமா?"

அன்று ஷிப்டு முடியும்வரை ஒவ்வொரு முடிச்சுப் போடும்போதும் அவள் ஒரு தடவை கனி என்று கூப்பிட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் "என்னட்டி?" என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. அவ்வளவு நூல் அறுந்த நாள் அந்த மில்லில் இருந்திருக்காது.

அடுத்த நாள் கேட்டில் அவள் முன்வரிசையில் நின்றாள். நான் நெருங்கியதும் சொன்னாள். அத்தனை பேர் சத்தத்துக்கு நடுவில் அவள் சத்தம் தனியாகக் கேட்டது. இருமிக் கட்டிப்போன குரல் அது, எனக்குத் தெரியாதா? சொல்லிவிட்டுத் துப்பவும் செய்தாள். என் சேலையில் பட்டது. எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை அவள். நான் உள்ளே போய் மெஷினில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சங்கு ஊதியது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது, ஏன் வரவில்லை என்றும் இருந்தது.

வேலைநிறுத்தம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நானும் மேனேஜரும் மட்டும் தினமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நூல் கேட்டுப் போன் மேல் போன் வந்தது. ஒரு நாள் அவரே எழுந்து, சுத்தியலை எடுத்து, ஏணி போட்டு ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். காற்று உள்ளே வந்ததும் அவர்தான் முதலில் தும்மினார்.

எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். இசக்கிமுத்து அண்ணனை டீக்கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையோ என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகு டீ ஆறும்வரை அழுதாராம். என் தூக்குச்சட்டி மூடியில் சண்முகக்கனி என்று பெயர் வெட்டியிருக்கும், கல்யாணச் சீராக வந்த சட்டி. ஒரு நாள் கழுவும்போது பார்த்தால் கருங்காலி என்று இருந்தது. எழுத்து முன்பைவிட அழகாகத்தான் இருந்தது. ரேஷன் கடையில் அட்டையிலும் அதே பெயரைப் பார்த்துவிட்டு அரிசியைக் கையில் தராமல் கீழே வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வழக்கம்போல "ஏய், இந்தா" என்றார்.

தங்கபுஷ்பத்துக்கு இருமல் குறைந்துவிட்டது. மெஷின் பக்கத்தில் நிற்பாள், என் பக்கம் திரும்புவாள், வாயைத் திறப்பாள், கையால் பொத்திக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதறும். பேசிவிடுவாளோ என்றும் பதறும், பேசாமலே இருந்துவிடுவாளோ என்றும் பதறும். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் கொட்டகையில் நான் ஓரமாகச் சட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி கருங்காலி, சாப்பிடலியா?" என்றாள்.

கொட்டகையில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். சொல் வந்திருந்தது, கோபம் வரவில்லை. மீனில் முள்ளை உருவுகிற மாதிரி கோபத்தைத் தனியாக உருவிப் போட்டுவிட்டு மிச்சத்தை எனக்கு எடுத்து வைத்திருந்தாள்.

"ஒனக்காவத்தாம்ட்டி இருக்கேன், வா" என்றேன்.

அதோடு அந்தச் சொல் கெட்டுவிட்டது. முதலில் எங்கள் பிரிவுப் பெண்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு டீக்கடைக்காரர், "கருங்காலி, சீனி போதுமாம்மா?" என்று கேட்டார். பால்வாடியில் தூங்காத பிள்ளைகளைத் தோளில் போட்டு, "என் கருங்காலில்லா, கண்ண மூடு" என்று தட்டிக் கொடுத்தார்கள். ஞானதுரை அண்ணாச்சி ஒத்திகைக்காகக் கேட்டில் ஆட்களை நிறுத்திச் சொல்லச் சொன்னார். எல்லோருக்கும் சிரிப்புதான் வந்தது. சங்கு ஊதினால் கால்கள் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடின.

அவசரமாகச் சங்கக் கூட்டம் போட்டார்கள். துரோகி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். அது வீட்டுக்கு வீடு புருஷன்மாரைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது, வேலைக்கு ஆகாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் அண்ணாச்சி எழுந்தார். "நம்ம மில்லுல எதை ஒடச்சாலும் ஒடச்சவுகதான் மாத்துக் கொண்டாரணும். கத்திரிக்கோல்னாலும் அப்படித்தான், சொல்லுன்னாலும் அப்படித்தான். ஏம்மா தங்கபுஷ்பம், நீதான் ஒடச்ச. ஒங்கிட்ட என்ன இருக்கு?"

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். அவளுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு சொல்தான். அதைக் கொடுத்துவிட்டாள்.

அண்ணாச்சி அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தங்கபுஷ்பம். முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு எல்லோரையும் சொல்லச் சொன்னார். சொன்னார்கள். சோதனைக்காகச் சங்கை ஊதவிட்டார்கள். ஒரு கால் அசையவில்லை. தீர்மானத்தைக் கைதட்டி நிறைவேற்றினார்கள். நான் கைதட்டவில்லை.

அதற்குப் பிறகு அவளை யாராலும் கூப்பிட முடியவில்லை. பெயரைச் சொன்னால் அது ஏச்சாகிவிடும். என்மேலாவது ஒரு சொல் இருந்தது. அவள்மேல் ஒன்றுமே இல்லை. யாரும் கூப்பிடாததால் அவள் எங்கேயும் போகவில்லை. மெஷின் பக்கத்தில் நிற்பாள், ஷிப்டு முடிந்தது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அங்கேயே நிற்பாள். இருமல் போயும் ஆள் நாளுக்கு நாள் மெலிந்தாள். இப்படியே விட்டால் நூல்போல ஆகிவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இந்தா பாரு" என்றேன் ஒரு நாள். "எம் பேரு சும்மாத்தான கெடக்கு? நீ வச்சுக்கோ."

"ஒனக்கு வேண்டாமா?"

"எனக்குத்தான் ஒண்ணு இருக்கேட்டி. ரெண்ட வச்சு என்ன செய்யப்போறேன்?"

வாங்கிக்கொண்டாள். சண்முகக்கனி என்று நான் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது திரும்பினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது. ஒரு வாரத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெற்ற அம்மா கடையத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சண்முகக்கனி வீடு எது என்று கேட்டிருக்கிறாள். சரியாகவே வழி காட்டியிருக்கிறார்கள். கேள்விப்பட்டு, என் பெயரை வாங்கிக்கொண்டவள் வீட்டுக்கு நான் போனபோது அம்மா அவளைக் கீழே உட்காரவைத்து, தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மக்கா, முடியெல்லாம் இப்படிக் கொட்டிப்போச்சே, இவ்வளவு நாளா ஒரு போன் உண்டுமா?" என்று ஏசிக்கொண்டே தேய்த்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தாள். நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு, கருங்காலியா? உள்ள வாம்மா. கனிகூட வேலை பாக்குத பிள்ளையா?"

"ஆமா" என்றேன். "பக்கத்து மெஷின்."

"அவளக் கொஞ்சம் பாத்துக்கோ தாயி. சின்னதுலேருந்தே பயந்த பிள்ள. வெளிய சொல்லமாட்டா."

"பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அம்மா பையைத் துழாவி எனக்கும் ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.